எழும்பாத லினக்ஸ்: முதலில் வலது கீழ் மூலையைப் பாருங்கள்

ராத்திரி இரண்டு மணிக்கு வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணே, மிஷின் எந்திரிக்க மாட்டேங்குது. ரெண்டு தடவை ஐபிஎல் போட்டுப் பாத்துட்டேன்." பதிலுக்குக் கேட்க வேண்டிய முதல் கேள்வி லினக்ஸின் மையமான கர்னலைப் பற்றியது அல்ல. "தம்பி, திரையில வலது பக்கம் கீழ் மூலையில என்ன எழுதியிருக்கு?"

மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ இருக்கும் டேட்டா சென்டரின் ஐபிஎம் மெயின்பிரேமில் ஓடும் லினக்ஸ்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இது. கட்டளைகளைப் போனில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறது. தட்டும்போது அதற்குரிய ஆங்கில எழுத்துகளைத் தட்டிக்கொள்ளுங்கள்.

ஐபிஎல் என்றதும் சேப்பாக்கம் ஞாபகம் வந்தால், அது இது இல்லை. இனிஷியல் ப்ரோக்ராம் லோட் என்பதன் சுருக்கம். மற்றவர்கள் பூட் என்பதை மெயின்பிரேம்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இதே மிஷின் குடும்பத்தில் 1967-லேயே சிபி-67 வந்தது, 1972-ல் விஎம்/370 வந்தது. ஒரே மெயின்பிரேமைப் பல மிஷின்களாகப் பிரித்துக் கொடுக்கும் இன்றைய இசட்விஎம் அந்த வம்சம்தான். லினக்ஸுக்கான திருத்தங்களை ஐபிஎம் வெளியிட்டது 1999 டிசம்பரில். ஆகவே லினக்ஸ் இங்கே பிற்பாடு குடிவந்த ஆள். வீட்டுக்காரர் சிபி, அதாவது இசட்விஎம்மின் மையமான கன்ட்ரோல் ப்ரோக்ராம். "எழும்பவில்லை" என்று வரும் புகாரில் பாதி, குடியிருப்பவரிடம் கோளாறு இல்லாமல் வீட்டுக்காரர் வாசலில் நிறுத்தி வைத்திருப்பதுதான்.

மூலையில் இருக்கும் சொல்

மெயின்பிரேமோடு பேசும் 3270 டெர்மினல் திரையின் வலது கீழ் மூலையில் சிபி எப்போதும் ஒரு நிலையைக் காட்டிக்கொண்டிருக்கும். 'ரன்னிங்' என்றால் கெஸ்ட், அதாவது உள்ளே குடியிருக்கும் மிஷின், ஓடுகிறது. 'சிபி ரீட்' என்றால் கெஸ்ட் நின்றுவிட்டது, சிபி உங்கள் கட்டளைக்காகக் காத்திருக்கிறது. கை தவறி பிஏ1 விசையை அழுத்தினாலே இங்கே வந்து விழலாம். 'பி' என்ற ஒற்றை எழுத்தைத் தட்டி என்டர் கொடுத்தால், அதாவது பிகின், விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கும். ஓடிக்கொண்டிருந்த கெஸ்டுக்குள் மறுபடி லாகின் செய்யும்போதும் இதே சங்கடம் வரும். அதைத் தவிர்க்க 'செட் ரன் ஆன்' என்ற கட்டளையை, லாகின் நேரத்தில் தானாக ஓடும் ப்ரொஃபைல் எக்ஸெக் கோப்பில் நிரந்தரமாகப் போட்டுவிட வேண்டும்.

'விஎம் ரீட்' என்றால் உள்ளே ஓடும் ஏதோ ஒன்று உங்களிடம் பதில் கேட்கிறது. பெரும்பாலான இடங்களில் ப்ரொஃபைல் எக்ஸெக் இப்படி எழுதியிருப்பார்கள்: மிஷினின் ஐடி, திரை எதுவும் ஒட்டாத டிஸ்கனெக்ட் நிலையில் தானாக எழுப்பப்பட்டிருந்தால் நேராக 150-ஐ, அதாவது லினக்ஸ் இருக்கும் டிஸ்கை, ஐபிஎல் செய், மனிதர் யாராவது திரையில் இருந்தால் "லினக்ஸை எழுப்பவா?" என்று கேள். அந்தக் கேள்வி திரையின் மேற்பகுதியில் எங்கோ நிற்க, கீழே வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் காத்திருப்பவர்கள் உண்டு. மிஷின் இசட்விஎம்மின் சிறு இயங்குதளமான சிஎம்எஸ்ஸில் உட்கார்ந்து உங்கள் 'ஒய்'க்காகக் காத்திருக்கும்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது 'மோர்', 'ஹோல்டிங்' இரண்டும். திரை நிரம்பியதும் சிபி 'மோர்' என்று காட்டி நிற்கும். வழக்கமான அமைப்பில் 50 விநாடி கழித்து மணி அடிக்கும், இன்னும் 10 விநாடி கழித்துத் திரை துடைக்கப்படும். இடையில் பொறுமையிழந்து என்டர் தட்டினீர்களோ, அது 'ஹோல்டிங்' ஆகிவிடும். ஹோல்டிங் தானாக விலகாது, கிளியர் விசையை அழுத்தியாக வேண்டும். இதில் என்ன ஆபத்து என்றால், லினக்ஸ் கர்னல் தன் செய்திகளை இந்தக் கன்சோலில்தான் கொட்டுகிறது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் பஃபர் நிரம்பினால் கர்னல் அதே இடத்தில் நின்றுவிடும். பூட் நடுவில் தொங்குவதுபோல் தெரியும். கோளாறு எதுவும் இருக்காது, ஒரு கிளியர் விசைதான் பாக்கி.

ஆகவே ஐபிஎல் போடுவதற்கு முன்பே 'டெர்ம் மோர் 0 0', 'டெர்ம் ஹோல்ட் ஆஃப்' இரண்டையும் கொடுத்துவிடுங்கள். அப்படிச் செய்தால் செய்திகள் நிற்காமல் ஓடிவிடும், 3270 திரையில் பின்னால் உருட்டிப் பார்க்கவும் வழியில்லை. அதற்கு மாற்று, கன்சோலை ஸ்பூல் செய்வது, அதாவது வரும் செய்திகளைக் கோப்பாகச் சேர்ப்பது. 'ஸ்பூல் கன்சோல் ஸ்டார்ட் டூ' என்று எழுதி உங்கள் இன்னொரு ஐடியின் பெயரைக் கொடுங்கள். வேலை முடிந்ததும் 'ஸ்பூல் கன்சோல் ஸ்டாப் க்ளோஸ்'. முழுப் பேச்சும் அந்த ஐடியின் ரீடர் என்ற வரவுப் பெட்டியில் கோப்பாக வந்து கிடக்கும். திரையை மொபைலில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

கரண்டும் சிக்னலும் போனால்

3270 திரை என்பது 24 வரி, வரிக்கு 80 எழுத்து. முழுத் திரையும் நிரம்பினாலும் 1920 எழுத்துதான், ஏறத்தாழ இரண்டு கேபி. தங்கச்சிமடத்தில் ஒற்றைக் கோடு சிக்னலில்கூட இது நன்றாகவே நகரும். வேகம் இங்கே பிரச்சினை இல்லை, இணைப்பு அறுந்துபோவதுதான் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகையில் பாம்பனில் புயல் கூண்டு ஏறுகிற நாட்களில் கரண்டும் ஃபைபரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

இணைப்பு அறுந்தால் சிபி அந்த ஐடியைக் கட்டாய டிஸ்கனெக்ட் நிலைக்குத் தள்ளும். இசட்விஎம்மின் சிஸ்டம் கான்ஃபிக் கோப்பில் 'டிஸ்கனெக்ட் டைம்அவுட்' என்று ஓர் அமைப்பு உண்டு. யாரும் தொடாமல் விட்டிருந்தால் அதன் மதிப்பு 15 நிமிடம். அந்த நேரத்துக்குள் நீங்கள் திரும்ப வராவிட்டால் ஐடியை லாகாஃப் செய்துவிடும். கெஸ்டை லாகாஃப் செய்வதும், ஓடுகிற கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்குவதும் ஒன்றுதான். ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓடிக்கொண்டிருக்கும் நடுவில் இப்படி நடந்தால், சின்னக் கோளாறாக இருந்தது பெரிய கோளாறாகிவிடும். லினக்ஸ் ஓடும் இசட்விஎம்மில் இந்த மதிப்பு 'ஆஃப்' என்றுதான் இருக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே உங்கள் இசட்விஎம் நிர்வாகியிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்திலும் ஒரு ஏற்பாடு வேண்டும். வீட்டு லேப்டாப்பிலிருந்து நேரடியாக 3270 இணைப்பைத் திறக்காதீர்கள். டேட்டா சென்டர் பக்கம் இருக்கும் ஜம்ப் சர்வர் என்ற இடைநிலை மிஷினில், லைன் அறுந்தாலும் வேலையைப் பிடித்துவைக்கும் டிமக்ஸைத் திறந்து, அதற்குள் சி3270 என்ற டெர்மினல் நிரலை ஓட்டுங்கள். வீட்டு லைன் போனால் ஜம்ப் சர்வருக்கும் மெயின்பிரேமுக்கும் நடுவிலான இணைப்பு அப்படியே நிற்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வந்து டிமக்ஸை மறுபடி பிடித்தால் விட்ட வரியிலேயே நிற்கலாம். இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் மட்டும் இருந்து, ஃபைபர் பெட்டி இல்லாமல் இருக்கிற வீடுகள் அதிகம். அந்தப் பெட்டிக்கென்று ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கி வைப்பது நல்ல முதலீடு.

கன்சோலில் தட்டும்போது

அவசரத்தில் எல்லோரும் சறுக்குகிற இடம் இது. சிபி சில குறிகளைத் தனக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறது. ஹேஷ் குறி வரி முடிவு. அட் குறி முந்தைய எழுத்தை அழிப்பது. இரட்டை மேற்கோள் குறி எஸ்கேப். லினக்ஸ் கன்சோலில் நின்றபடி சிபிக்குக் கட்டளை சொல்ல 'ஹேஷ் சிபி' என்று தொடங்குவது இதனால்தான். ஆனால் அதே ஹேஷை, வரிகளைத் திருத்தும் லினக்ஸின் செட் கட்டளையில் (சிபியின் செட் அல்ல) பிரிப்பானாகப் போட்டால் வரி நடுவில் வெட்டுப்பட்டு, பாதி லினக்ஸுக்கும் பாதி கண்டபடியும் போகும். மேற்கோள் குறி போட்ட கட்டளை, குறி இல்லாமல் போய்ச் சேரும். 'டெர்ம் லைன்எண்ட் ஆஃப்' கொடுத்தால் 'ஹேஷ் சிபி'யே வேலை செய்யாமல் போய்விடும். ஆகவே 'டெர்ம் சார்டெல் ஆஃப்', 'டெர்ம் எஸ்கேப் ஆஃப்' இரண்டை மட்டும் கொடுத்துவிட்டு, ஹேஷைத் தவிர்த்து எழுதப் பழகுவது நல்லது.

கன்ட்ரோல் சி கிடையாது. தொப்பிக் குறியும் 'சி' எழுத்தும் சேர்த்துத் தட்டி என்டர் கொடுக்க வேண்டும். கன்ட்ரோல் டிக்கும் அப்படியே. இது வரிக் கன்சோல், ஆகவே முழுத்திரை எடிட்டரான விஐ ஓடாது. ஒரு வரியை மாற்ற செட் அல்லது ஈடி. இந்த இரண்டையும் பகலில், நல்ல மிஷினில் பழகிவைத்திருங்கள்.

சும்மா சும்மா ஐபிஎல் போடாதீர்கள்

வள்ளத்து டீசல் இன்ஜின் பிடிக்காவிட்டால், தெரிந்த மெக்கானிக் ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டே இருக்க மாட்டார். ஸ்பேனரை எடுத்து நாசில் பக்கத்து நட்டைத் தளர்த்துவார். டீசல் வருகிறதா, லைனில் ஏர் பிடித்திருக்கிறதா என்று முதலில் தெரியவேண்டும். மெயின்பிரேமிலும் அதே முறைதான். 'ஐபிஎல் 150 கிளியர்' என்று இரண்டாம் தடவை அடிக்கும் நொடியில், முதல் தடவை என்ன நடந்தது என்பதற்கான சாட்சி மெமரியோடு துடைத்துப் போய்விடும். கர்னல் மீள முடியாமல் பேனிக் ஆகி நின்ற மிஷினாக இருந்தால் முதலில் மெமரியின் நகலை 'விஎம்டம்ப்' கொண்டு எடுங்கள். டம்ப் ரீடருக்குப் போகும், பின்பு விஎம்யூஆர் என்ற கருவி கொண்டு லினக்ஸுக்குள் இறக்கலாம். மெமரி பெரிதென்றால் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

பேனிக் ஆனால் தானாகவே மறு ஐபிஎல் செய்யும்படி டம்ப்கான்ஃப் சேவையை அமைத்திருப்பார்கள். அதில் 'டிலே மினிட்ஸ்' என்ற வரிக்கு ஐந்து மாதிரி ஒரு மதிப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுந்தவுடன் பேனிக், பேனிக் ஆனவுடன் ஐபிஎல் என்று விடியும்வரை சுற்றிக்கொண்டிருக்கும்.

இனி எங்கே நின்றது என்று பார்ப்போம்.

கர்னலின் ஒரு வரிகூட வராமல், எச்சிபிஜிஐஆர்450டபிள்யூ என்ற எண்ணோடு 'டிசேபிள்டு வெயிட் பிஎஸ்டபிள்யூ' என்று வந்தால், சிபி கொடுத்த டிஸ்கிலிருந்து உருப்படியாக எதுவும் ஏறவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். முதலில் 'க்யூ வி டாஸ்டி' (டாஸ்டி என்பது மெயின்பிரேம் டிஸ்க்). விடை இந்த மாதிரி இருக்கும்: டாஸ்டி 0150, டிஸ்க் வகை 3390, வால்யூம் பெயர், ஆர்/டபிள்யூ (எழுதலாம்), 10016 சிலிண்டர். 3390 மாடல் 9-ல் மொத்தம் 10017 சிலிண்டர், ஏறத்தாழ 7 ஜிபி. வால்யூம் லேபிள் இருக்கும் பூஜ்யம் சிலிண்டரை விட்டு, கெஸ்டுக்குக் கொடுத்த பகுதியான மினிடிஸ்க் ஒன்றாம் சிலிண்டரிலிருந்து தொடங்குவதால் ஒன்று குறைகிறது. 150 அங்கே இல்லவே இல்லை என்றால், ஒவ்வொரு ஐடிக்கும் உரிய டிஸ்குகள் எழுதியிருக்கும் யூசர் டைரக்டரியைப் பார்க்க வேண்டும். ஆர்/டபிள்யூ இருக்க வேண்டிய இடத்தில் ஆர்/ஓ (வாசிக்க மட்டும்) இருந்தால், வேறு யாரோ அதே டிஸ்கை எழுதும் உரிமையோடு பிடித்திருக்கிறார்கள். டிஸ்க் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் சந்தேகம், இங்கே பூட் பகுதியை எழுதிவைக்கும் கருவியான ஜிப்பிள் மீது.

பிசியில் பூட் லோடரான கிரப்போடு பழகியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கிரப்புக்கு ஃபைல் சிஸ்டம் படிக்கத் தெரியும். /பூட் அடைவில் கர்னல் எங்கே இருந்தாலும் தேடி எடுத்துக்கொள்ளும். ஜிப்பிள் அப்படி இல்லை. அதை ஓட்டிய நேரத்தில் கர்னலும், ரூட் டிஸ்கை எழுப்பக் கர்னலோடு ஏறும் சிறு தொகுப்பான இனிட்ராம்டிஸ்கும் டிஸ்கின் எந்தெந்த பிளாக்குகளில் இருந்தனவோ, அந்த எண்களை பூட் பகுதியில் குறித்து வைக்கும். ஐபிஎல்லின்போது அந்த எண்களைத்தான் வாசிக்கும், கோப்பின் பெயர் அதற்குத் தெரியாது. இனிட்ராம்டிஸ்கை டிராகட் என்ற கருவி வைத்துப் புதிதாகக் கட்டிவிட்டு ஜிப்பிள் ஓட்டாமல் விட்டால், குறிப்பு பழைய பிளாக்குகளையே காட்டும். கோப்பு அழிந்திருந்தாலும் அந்த பிளாக்குகளில் வேறு எதுவும் எழுதப்படாதவரை மிஷின் எழும். அதனால்தான் "போன வாரம்கூட ரீபூட் ஆச்சே" என்பது இங்கே செல்லுபடியாகாத வாதம். என்றோ ஒருநாள் அந்த இடத்தில் ஒரு லாக் கோப்பு போய் உட்காரும், அன்றைக்கு ஏறாது.

லினக்ஸ் வகைகளான ரெட் ஹாட்டிலும் உபுண்டுவிலும் கர்னல் பேக்கேஜ் போடும்போது ஜிப்பிள் தானே ஓடும். கையால் எதையாவது மாற்றினால் ஓட்டுவது உங்கள் பொறுப்பு. சூசே 12 முதல் வேறு வழி: ஜிப்பிள் ஒரு சிறு லினக்ஸை எழுப்பும், அதற்குள் கிரப்2 வந்து ஓடும் கர்னலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் கேஎக்ஸெக் வழியாக உண்மையான கர்னலை ஏற்றும். அங்கே ஜிப்பிளை நேரடியாகத் தொடாமல் கிரப்2-இன்ஸ்டால் ஓட்டுங்கள்.

இன்னொன்று, /பூட் நிரம்பிப்போவது. 200 எம்பியில் /பூட் வைத்து, மூன்று கர்னல்களையும் சேர்த்துவைத்தால் நான்காவது வரும்போது இனிட்ராம்டிஸ்க் பாதியோடு நின்றுவிடும். கர்னல் எழும், ரூட் ஃபைல் சிஸ்டத்தை ஏற்ற முடியவில்லை, 'அன்நோன் பிளாக் 0,0' என்று சொல்லிவிட்டு பேனிக் ஆகும். இதற்கு உடனடி மருந்து பழைய கர்னல்தான்: 'ஐபிஎல் 150 லோட்பார்ம் 2', அதாவது பூட் மெனுவின் 2-ம் எண். மெனுவே வேண்டுமென்றால் 'லோட்பார்ம் ப்ராம்ப்ட்'. மெனு வந்ததும் எண்ணை வெறுமனே தட்டினால் போகாது, 'ஹேஷ் சிபி விஐ விஎம்எஸ்ஜி' என்று தட்டி அதன் பின் எண்ணைக் கொடுக்க வேண்டும் (இந்த விஐ சிபியின் கட்டளை, எடிட்டர் இல்லை). அவசர நிலைக்கு எழுப்ப ஐபிஎல் கட்டளையிலேயே 'பார்ம்' என்று போட்டு கர்னல் அளவுருக்களைச் சேர்க்கலாம். மொத்தம் 64 எழுத்துதான் இடம். முதல் எழுத்தாகச் சமக்குறி போட்டால், இருக்கிற அளவுருக்கள் எல்லாம் போய் நீங்கள் கொடுத்தது மட்டும் நிற்கும். தெரியாமல் போட்டுவிடாதீர்கள்.

டிராகட் ஷெல்லில் நின்றால்

கர்னல் எழுந்து, இனிட்ராம்டிஸ்க் எழுந்து, இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்துவிட்டு, ரூட் டிஸ்க் இல்லை என்று டிராகட்டின் அவசர ஷெல்லில் வந்து நிற்பதுதான் அடிக்கடி பார்க்கக் கிடைப்பது. காரணம் பெரும்பாலும் பல மாதங்களுக்கு முன்னால் நடந்த ஒரு வேலை. பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் எல்விஎம்மில் ரூட்டுக்கு இடம் போதவில்லை, 0152 என்று ஒரு டிஸ்க் வாங்கினார்கள். ஆன்லைன் ஆக்கி, டாஸ்டிஎஃப்எம்டி கொண்டு 4096 பைட் பிளாக்கில் ஃபார்மட் செய்து, எஃப்டாஸ்டியால் பிரித்து, எல்விஎம்மின் டிஸ்க் கூட்டமான வால்யூம் குரூப்பில் சேர்த்து, அதிலுள்ள ரூட் பகுதியை நீட்டினார்கள். ஓடுகிற மிஷினில் எல்லாம் சரி. ஆனால் பூட் நேரத்தில் 0152-ஐயும் எழுப்ப வேண்டும் என்று இனிட்ராம்டிஸ்கிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த ரீபூட் ஆறு மாதம் கழித்து. அன்று பணியில் இருப்பவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது.

பிசியில் டிஸ்கைச் செருகினால் கர்னல் தானே கண்டுபிடித்துவிடும். இங்கே கெஸ்டுக்கு எத்தனையோ சாதனங்கள் தெரியும் என்பதால், 'சிஐஓ இக்னோர்' பட்டியலில் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து, பெயர் சொன்னதை மட்டும் பார்க்கும்படிதான் பெரும்பாலும் அமைத்திருப்பார்கள். பார்ப்பது ஒன்று, ஆன்லைன் ஆக்குவது இன்னொன்று. இரண்டும் நடக்க வேண்டும்.

ஷெல்லில் நின்றபடி செய்ய வேண்டியது: /ப்ராக்/டாஸ்டி/டிவைசஸ் கோப்பை வாசியுங்கள். எந்த எண் இருக்கிறது, எது இல்லை என்று தெரியும். இல்லாததை 'சிஐஓ இக்னோர், ஹைபன் ஆர், 0.0.0152' என்று பட்டியலிலிருந்து விடுவியுங்கள். பிறகு 'சிஎச்-சிசிடபிள்யூ-டெவ், ஹைபன் இ, 0.0.0152'. அந்தக் கருவிகள் இனிட்ராம்டிஸ்கில் இல்லாவிட்டால் /சிஸ் அடியில் பஸ், சிசிடபிள்யூ, டிவைசஸ், 0.0.0152 என்று போய், அங்கே இருக்கும் 'ஆன்லைன்' கோப்பில் 1 என்று எழுதினால் அதே வேலை நடக்கும். அடுத்து வால்யூம் குரூப்பை எழுப்ப 'எல்விஎம் விஜிசேஞ்ச் ஹைபன் ஏஒய்'. பிறகு 'எக்ஸிட்'. மிஷின் மேலே எழுந்துவிடும்.

இத்தோடு விட்டால் அடுத்த ஐபிஎல்லில் இதே கதை. ரெட் ஹாட்டில் ரூட் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு டிஸ்குக்கும் பூட் பதிவில் 'ஆர்டி டாட் டாஸ்டி' அளவுருவைச் சேர்த்து ஜிப்பிள் ஓட்ட வேண்டும். ரூட்டோடு சம்பந்தமில்லாத டிஸ்குகளுக்கு /இடிசி அடைவிலுள்ள டாஸ்டி டாட் கான்ஃப் போதும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பாதி விபத்துக்குக் காரணம். சூசேயிலும் உபுண்டுவிலும் சிஎச்-இசட்-டெவ் கொண்டு நிரந்தரமாக்கி, இனிட்ராம்டிஸ்கைப் புதுப்பித்து, சூசேயில் கிரப்2-இன்ஸ்டால், உபுண்டுவில் ஜிப்பிள். மவுன்ட் பட்டியலான எஃப்எஸ்டேபில் டாஸ்டிஏ, டாஸ்டிபி என்ற பெயர்கள் இருந்தால் கையோடு 'பை-பாத்' பெயராக மாற்றுங்கள். அந்த ஏ, பி எல்லாம் டிஸ்குகள் எழுந்த வரிசைதான். வரிசை மாறினால் ஆளும் மாறிவிடும்.

பக்கத்து மிஷினிலிருந்து கைகொடுப்பது

எதுவும் சரிவராதபோது செய்வது இது. மெயின்பிரேமின் அழகும் இதில்தான் தெரியும்: படுத்துக்கிடக்கும் மிஷினின் டிஸ்கை, எழுந்து நிற்கும் மிஷினில் இருந்துகொண்டு திறக்கலாம். யூஎஸ்பி வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம்.

படுத்துக்கிடப்பது லினக்ஸ்01, உதவ வருவது ரெஸ்க்யூ என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸ்01 முழுதாக லாகாஃப் ஆகியிருக்க வேண்டும், முதல் நிபந்தனை இதுதான். ரெஸ்க்யூவில், லினக்ஸிலிருந்தே சிபிக்குக் கட்டளை அனுப்பும் விஎம்சிபி வழியாக 'லிங்க் லினக்ஸ்01 150 1150 எம்ஆர்'. லினக்ஸ்01-இன் 150 இங்கே 1150 என்று தெரியும். இந்த 'எம்ஆர்' முக்கியம். வேறு யாரும் எழுதும் உரிமையோடு பிடித்திருக்கவில்லை என்றால் மட்டுமே எழுத விடும், இல்லாவிட்டால் வாசிக்க மட்டும் விடும். 'எம்டபிள்யூ' என்று இன்னொன்று உண்டு, யார் பிடித்திருந்தாலும் எழுத விடும். இரண்டு லினக்ஸ் ஒரே நேரத்தில் ஒரே ஃபைல் சிஸ்டத்தில் எழுதினால் பிறகு பேக்கப்பைத் தேட வேண்டியதுதான். எம்டபிள்யூவை மறந்துவிடுங்கள்.

லிங்க் கிடைத்ததும் 1150-ஐ சிஐஓ இக்னோரிலிருந்து விடுவித்து ஆன்லைன் ஆக்கி, எல்எஸ்டாஸ்டியில் சரிபார்த்து, பார்ட்டிஷனை /எம்என்டியில் மவுன்ட் செய்யுங்கள். எல்விஎம்மாக இருந்தால் அதன் எல்லா டிஸ்குகளையும் லிங்க் செய்தாக வேண்டும். /டெவ், /ப்ராக், /சிஸ் மூன்றையும் பைண்ட் மவுன்ட் செய்து (அங்கேயும் தெரியும்படி இணைத்து) சிஎச்ரூட், அதாவது பழுதான லினக்ஸையே ரூட்டாகக் கொண்டு உள்ளே நுழைவது. உள்ளே போய் உடைந்ததைச் சரிசெய்து, டிராகட்டை 'ஹைபன் எஃப்' போட்டு ஓட்டுங்கள். உதவும் மிஷினில் வேறு கர்னல் ஓடுகிறது என்பதால் கர்னல் பதிப்பு எண்ணைக் கையால் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தவறான கர்னலுக்கு இனிட்ராம்டிஸ்க் கட்டும். அப்புறம் ஜிப்பிள், 'ஹைபன் பெரிய வி' போட்டு. எந்த டிவைசில், எந்தக் கர்னலை எழுதுகிறது என்று அது வரிவரியாகச் சொல்லும். அதை வாசியுங்கள், ரெஸ்க்யூவின் சொந்த டிஸ்கில் எழுதிவிடவில்லையே என்று பாருங்கள்.

ஒரு பொறி உண்டு. இரண்டு மிஷினும் ஒரே மூல இமேஜிலிருந்து ஃப்ளாஷ்காப்பி என்ற டிஸ்க் நகலில் பிறந்தவை என்றால் வால்யூம் குரூப் பெயரும் அடையாள எண்ணான யூயூஐடியும் ஒன்றாகவே இருக்கும். எல்விஎம் குழம்பும். விஜிஇம்போர்ட்க்ளோன் ஓட்டினால் தீரும் என்று தோன்றும். ஆனால் அது பெயரை மாற்றிவிடுவதால் லினக்ஸ்01 தன் ரூட்டைத் தானே கண்டுபிடிக்க முடியாமல் போகும். ரெஸ்க்யூ மிஷினை எல்விஎம் இல்லாமல், தனி இன்ஸ்டாலாக, முன்கூட்டியே கட்டிவைப்பதுதான் சரி.

திரும்பி வரும் வழியில் வரிசை மாறக்கூடாது: சிஎச்ரூட்டை விட்டு வெளியே, அன்மவுன்ட், எல்விஎம்மாக இருந்தால் வால்யூம் குரூப்பை அணைப்பது, 1150-ஐ ஆஃப்லைன் ஆக்குவது, அதன் பிறகே 'டிடாச் 1150'. டிடாச் மறந்துபோனால் லினக்ஸ்01 லாகின் ஆகும்போது அதற்குத் தன் சொந்த டிஸ்கே ஆர்/ஓவாகத்தான் கிடைக்கும். ஜர்னலை ஓட்ட முடியாமல் மறுபடி அவசர ஷெல்லில் நிற்கும். நீங்களோ பழுது தீரவில்லை என்று நினைப்பீர்கள்.

மிச்சம்

டாஸ்டி இல்லாமல் ஃபைபர் சேனல் டிஸ்கிலிருந்து எழும்பும் மிஷின்களுக்கு, எந்த வழியில் எந்த டிஸ்க் என்று காட்டும் 'க்யூ லோட்டெவ்' பார்ப்பது முதல் வேலை. போர்ட் பெயரும் டிஸ்க் எண்ணான எல்யூஎன்னும் 16 இலக்கம், எட்டெட்டாக இடைவெளி விட்டு எழுத வேண்டும். ஓர் இலக்கம் தவறினாலும் ஏறாது. மல்டிபாத் எட்டு வழியில் இருந்தாலும் ஐபிஎல் போவது லோட்டெவ்வில் எழுதிய அந்த ஒரு வழியில் மட்டும். அந்த வழி செத்திருந்தால் இன்னொரு போர்ட்டைக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கெஸ்டுக்கும் தனிப் போர்ட் பெயர் தரும் என்பிஐவி இருக்கும் இடத்தில், யார் யாரோடு பேசலாம் என்ற ஜோனிங் பட்டியலில் கெஸ்டின் சொந்தப் போர்ட் பெயர் (டபிள்யூடபிள்யூபிஎன்) இருக்க வேண்டும், அடாப்டருடையது போதாது.

இன்ஸ்டாலரை ரீடரிலிருந்து எழுப்பும்போது ஏறாவிட்டால், கர்னலும் இனிட்ராம்டிஸ்கும் பைனரியாக, 80 பைட் நிலையான ரெக்கார்டாக வந்தனவா என்று பாருங்கள். டெக்ஸ்டாக அனுப்பியிருந்தால் குப்பைதான் இருக்கும். கர்னல் அளவுருக்கள் உள்ள பார்ம் கோப்பு மட்டும் டெக்ஸ்டாக வர வேண்டும்.

புதிய பதிப்புக்கு மாறியதும் 'இன்னும் புதிய ப்ராசஸர் வேண்டும்' என்று கர்னல் சொல்லி நின்றால் சரிசெய்ய ஒன்றுமில்லை. ரெட் ஹாட் 8-க்கு குறைந்தது இசட்13 மெயின்பிரேம், 9-க்கு இசட்14. பழைய மிஷின் என்றால் பழைய பதிப்புதான்.

பிங் போகவில்லை என்பதை "எழும்பவில்லை" என்று சொல்பவர்களும் உண்டு. கன்சோலில் லாகின் வரி நிற்கிறதா பாருங்கள். நின்றால் மிஷின் எழுந்துவிட்டது, 'க்யூ வி நிக்' கொடுத்து, இசட்விஎம்மின் மெய்நிகர் நெட்வொர்க் ஸ்விட்சான விஸ்விட்சில் ஒட்டியிருக்கிறதா, அனுமதி இருக்கிறதா என்று போங்கள்.

வேலை முடிந்து வெளியேறும் முன், ரூட் ஷெல்லிலிருந்து எக்ஸிட் செய்யுங்கள். அப்படியே விட்டால் அடுத்து அந்த ஐடியில் வருகிறவர் கையில் பாஸ்வேர்ட் கேட்காத ரூட் ஷெல் கிடைக்கும். பிறகு 'ஹேஷ் சிபி டிஸ்க்' (டிஸ்கனெக்ட் என்பதன் சுருக்கம்). தூக்கக் கலக்கத்தில் அந்த இடத்தில் 'லாகாஃப்' என்று தட்டிவிட்டு, இத்தனை நேரம் பாடுபட்டு எழுப்பிய மிஷினைப் படுக்கவைத்தவர்கள் பலர். ஜன்னலை மூடும் முன் ஜம்ப் சர்வரில் இருந்து ஒரு எஸ்எஸ்எச் போட்டுப் பார்த்துவிடுங்கள்.